கட்டியை உடம்பு கண்டுகொள்ளாதா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

சென்ற இதழில் பெருங்குடல் புற்றுநோயைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'எதிர்ப்புச் சக்தி' என்ற ஒரே சொல்லைச் சுற்றியே இருந்தன. ஆகவே சர்க்கரை, மூட்டுவலிக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: என் வீட்டுக்காரருக்கு வயது 54. பீடி, சிகரெட், மது எதுவும் கிடையாது. தறிப்பட்டறையில் இருபது வருடம் வேலை செய்தும் காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தவர் அல்லர். அவருக்குக் குடலில் புற்றுநோய் என்கிறார்கள். 'எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, அதனால்தான் வந்தது' என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது, நான் ஆக்கிப் போட்டதில் ஏதோ குறை என்பது போல இருக்கிறது. நன்றாக இருந்த உடம்பு இந்தக் கட்டியை ஏன் கண்டுகொள்ளவில்லை?

அம்மா, உங்கள் சமையலில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பாரத்தை முதலில் இறக்கிவையுங்கள். யாராவது மீண்டும் அப்படிச் சொன்னால் இந்தப் பக்கத்தை எடுத்து அவர் கையில் கொடுங்கள். 'சக்தி' என்ற சொல்தான் இங்கே நம்மை வழிதவறச் செய்கிறது. காய்ச்சலை விரட்டியதும் கட்டியை விரட்ட வேண்டியதும் ஒரே வெள்ளணுப் படைதான். ஆனால் காய்ச்சல் கிருமி வெளியிலிருந்து வருவது. அதன் புரதங்கள் முழுக்க அந்நியமானவை. வந்த வேகத்தில் திசுவைச் சிதைத்து ஆர்ப்பாட்டம் செய்வது. புற்றுநோய்ச் செல்லோ உங்கள் கணவரின் குடற்சுவரிலேயே பிறந்து வளர்ந்து, ஆயிரக்கணக்கான புரதங்களில் சிலவற்றில் மட்டும் பிசகிப்போனது. அதைக் கண்டுபிடிக்க வலுவைவிடக் கூர்மையான பார்வைதான் வேண்டும்.

அந்தப் பார்வை எப்படி நடக்கிறது என்பதற்கு உங்கள் ஊர் மஞ்சள் ஏலத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. வியாபாரி ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பதில்லை. மூட்டையிலிருந்து எடுத்து வைத்த மாதிரியைப் பார்க்கிறார். ஒரு விரலியை எடுத்து 'டக்'கென்று ஒடிக்கிறார். உள்நிறத்தைப் பார்த்துவிட்டு விலையை எழுதுகிறார். உடம்பிலும் ஏறக்குறைய இதே முறைதான். உட்கருவுள்ள ஏறத்தாழ எல்லாச் செல்களும் தமக்குள் உருவாகும் புரதங்களைத் துண்டுதுண்டாக நறுக்கி, எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளை எச்.எல்.ஏ. என்னும் தாங்கி மூலக்கூறில் வைத்து, மேற்பரப்பில் இரவும் பகலும் காட்டிக்கொண்டே இருக்கின்றன. டி செல் என்னும் வெள்ளணு செல்லுக்குச் செல் உரசிச் சென்று அந்த மாதிரியைப் பார்க்கிறது. அது துண்டை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை, தாங்கியோடு சேர்த்தே பார்க்கிறது என்று கண்டறிந்தவர்கள் பீட்டர் டோஹர்ட்டியும் ரால்ஃப் ஜிங்கர்நாகலும். 1996இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

செல்லின் மரபணுவில் பிழை விழுந்தால் அதிலிருந்து வரும் புரதமும் மாறும். மாறிய புரதத்தின் துண்டு மேற்பரப்பில் வைக்கப்பட்டால் மாதிரியின் நிறமும் மாறியிருக்கும். டி செல் பிடிக்க வேண்டியது இதைத்தான். ஆனால் அந்த வேறுபாடு பல நேரங்களில் ஒரே ஒரு அமினோ அமில அளவுதான் இருக்கும். போதாததற்கு, சொந்தப் புரதங்களைக் கண்டு பாயக்கூடிய டி செல்களில் பெரும்பாலானவற்றை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி முன்கூட்டியே களையெடுத்துவிடுகிறது. அந்தக் களையெடுப்பு இல்லையென்றால் நம் உடம்பை நாமே தின்றுவிடுவோம். இருப்பதால், நம்மைப் போலவே தோற்றமளிக்கும் கட்டியைப் பிடிக்கும் ஆட்கள் குறைந்துபோகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டி செல் தானாகவே போருக்குக் கிளம்பாது. திசுவில் சுற்றித் திரியும் டென்ட்ரைட்டிக் செல் என்னும் கிளைவிட்ட செல் ஒன்று, சந்தேகமான துண்டை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போய், டி செல்லிடம் காட்டி, கூடவே 'ஆபத்து' என்ற இரண்டாவது குறிப்பையும் கொடுக்க வேண்டும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் 'நெறி கட்டிக்கொண்டது' என்கிறோமே, அந்த முடிச்சுதான் இந்தச் சந்திப்பு நடக்கும் இடம். கிருமி வந்தால் ஆபத்துக் குறிப்பு தானாகவே ஓங்கி ஒலிக்கிறது. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் பெருகும் கட்டியில் அது மெலிந்தே ஒலிக்கிறது. இரண்டாவது குறிப்பு இல்லாமல் மாதிரியை மட்டும் பார்த்த டி செல், கிளம்புவதற்குப் பதிலாக அடங்கிப்போகிறது. உங்கள் கேள்விக்கு நேரான விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

கண்டுகொள்ளவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நோய்க்குறியியல் துறையில் என் வேலைக்காலம் முழுவதும் நுண்ணோக்கியில் பார்த்த காட்சி ஒன்றுண்டு. அறுத்தெடுத்த கட்டியை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றினால், புற்றுநோய்ச் செல்கள் ரோஜா நிறத்தில் ஒழுங்கற்ற திட்டுகளாகத் தெரியும். சில கட்டிகளில் அந்தத் திட்டின் ஓரத்திலும் நடுவிலும் கடுகைத் தூவியது போலக் கருநீலப் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கும். அவைதான் நிணநீர் வெள்ளணுக்கள். வேறு சில கட்டிகளில் அவை வேலிக்கு வெளியே நிற்கும் கூட்டம் போல ஓரத்தோடு நின்றுவிடும். இன்னும் சிலவற்றில் தேடினாலும் கிடைக்காது. பெருங்குடல் கட்டிகளில் டி செல்கள் உள்ளே நிறையப் புகுந்திருப்பவர்களுக்கு நோய் மீண்டும் வருவது குறைவு என்று பிரான்சில் ஜெரோம் கலோன் குழுவினர் 2006இல் காட்டினார்கள். ஆகவே உங்கள் கணவரின் உடம்பும் போராடிக்கொண்டிருக்கலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு, மரபணுவின் எழுத்துப்பிழையைத் திருத்தும் புரதங்கள் பழுதானதால் வருபவை. அத்தகைய கட்டியில் பிழைகள் ஏராளம். மாறிய மாதிரிகளும் ஏராளம். டி செல்லுக்கு அடையாளம் காண்பதும் எளிது. அந்தப் பழுது இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எம்.எம்.ஆர். சோதனை என்று பெயர். எடுத்து வைத்திருக்கும் சதைத்துண்டிலேயே செய்துவிடலாம். அதன் முடிவைப் பொறுத்து மருந்தே மாறக்கூடும் என்பதால், செய்தாயிற்றா என்று தயங்காமல் கேளுங்கள்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவர்: இயற்கைக் கொல்லிச் செல்கள், முன்பழக்கம் எதுவும் இல்லாமலே புற்றுச் செல்லைக் கொல்லும் என்று படித்தேன். பார்த்தே இராத ஒன்றை எப்படி அடையாளம் காண முடியும்?

நல்ல கேள்வி, தம்பி. மேலே ஈரோட்டு அம்மாவுக்குச் சொன்ன மாதிரிக் கதையிலிருந்தே தொடங்குவோம். மாதிரியைக் காட்டினால்தானே பிடிபடுவோம், காட்டாமலே இருந்துவிட்டால் என்ன என்று பல கட்டிகள் எச்.எல்.ஏ. தாங்கியையே இழந்துவிடுகின்றன. கட்டி யோசித்து இதைச் செய்வதில்லை. காட்டிய செல்கள் டி செல்லிடம் செத்துப்போக, காட்டாதவை மிஞ்சிப் பெருகுகின்றன, அவ்வளவுதான். நீ படித்த இயற்கைத் தேர்வு உடம்புக்குள் நடக்கிறது.

மாதிரியே வைக்காத மூட்டையைக் கண்டால் டி செல் கடந்து போய்விடும். இயற்கைக் கொல்லிச் செல்லுக்கோ அதுவே சந்தேகத்துக்குப் போதும். ஆரோக்கியமான செல்லின் எச்.எல்.ஏ. இந்தக் கொல்லிச் செல்லின் கையைப் பிடித்து 'வேண்டாம்' என்று தடுத்துக்கொண்டே இருக்கிறது. தாங்கி இல்லாத செல்லில் அந்தத் தடுப்பும் இல்லை. ஆகவே அது புதிதாக எதையும் அடையாளம் காணத் தேவையில்லை, இருக்க வேண்டியது இல்லை என்பதைக் கவனித்தால் போதும். ஸ்வீடனில் கிளாஸ் கார்ரே 1986இல் இதை எலிகளில் நிறுவினார். இத்துடன், மரபணு சிதைந்து தத்தளிக்கும் செல்கள் மேற்பரப்பில் வெளிவிடும் சில நெருக்கடி அடையாளங்களையும் அது படிக்கிறது. இரண்டு தராசுத் தட்டிலும் எது கனக்கிறதோ அதன்படி நடக்கிறது. கொல்லும் முறை டி செல்லுக்கும் இதற்கும் ஒன்றுதான்: பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே விட, எதிரிச் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது.

தேர்வுக்கு வெளியே ஒன்று. மாதிரித் தாங்கியை நம்பாமல், செல்லின் மேலிருக்கும் முழுப் புரதத்தையே பிடிக்கும்படி டி செல்லுக்கு வெளியே வைத்துப் புதிய ஏற்பி பொருத்தி மீண்டும் உடம்பில் செலுத்தும் முறைதான் கார்-டி சிகிச்சை. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இந்திய வகைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. சில வகை இரத்தப் புற்றுநோய்களுக்கு அது பயன்படுகிறது.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் எனக்கு அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். தினமும் டாக்ரோலிமஸ் எடுத்துக்கொள்கிறேன். புற்றுநோய்க்கான பரிசோதனைகளைத் தவறாமல் செய்துகொள்ளச் சொல்கிறார் மருத்துவர். எனக்குப் புற்றுநோய் இல்லையே, பிறகு ஏன்?

நீங்கள் எடுக்கும் மாத்திரை டி செல்லைத் தூங்கவைப்பது. அம்மாவின் சிறுநீரகத்தை அந்நியம் என்று தாக்காமல் இருக்க அது வேண்டும். ஆனால் தூங்கும் காவலாளி எல்லாவற்றுக்கும்தான் தூங்குகிறார். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்குச் சில புற்றுநோய்கள் பல மடங்கு கூடுதலாக வருவது உலகெங்கும் பதிவாகியிருக்கிறது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு: வைரஸோடு தொடர்புடைய நிணநீர்ப் புற்று, கருப்பைவாய்ப் புற்று போன்றவையும் தோல் புற்றும்தான் மிகவும் கூடுகின்றன, மார்பகம், புராஸ்டேட் போன்றவை அந்த அளவுக்குக் கூடுவதில்லை. வைரஸ் அந்நியம் என்பதால் அதைச் சுமக்கும் செல்லை விழித்திருக்கும் டி செல் எளிதாகக் கண்டுபிடித்திருக்கும். எல்லாப் புற்றும் எதிர்ப்புக் குறைவால்தான் வருகிறது என்ற பேச்சுக்கு இதுவே நல்ல மறுப்பு.

நம் உடம்பில் பிசகிய செல்கள் அவ்வப்போது தோன்றி அழிக்கப்படுகின்றன என்ற கருத்தை 1909இல் பால் எர்லிக் சொன்னார்; 1950களில் பர்னட் அதற்கு 'கண்காணிப்பு' என்ற வடிவம் தந்தார். நெடுங்காலம் பலர் நம்பவில்லை. 2001இல் ராபர்ட் ஷ்ரைபர் குழு, நிணநீர் வெள்ளணுக்கள் இல்லாத எலிகளில் கட்டிகள் அதிகம் வருவதைக் காட்டியபின் விவாதம் அடங்கியது. ஒழிப்பு, சமநிலை, தப்பித்தல் என்று அவர்கள் மூன்று கட்டங்கள் சொல்கிறார்கள். நடுவில் உள்ள சமநிலைதான் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது: கட்டி சாகவும் இல்லை, வளரவும் இல்லை, ஆண்டுக்கணக்கில் காவலில் கிடக்கிறது. 2003இல் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஒரு நிகழ்வை எழுதினார்கள். மெலனோமா என்னும் தோல் புற்றுக்கு அறுவை செய்து 16 ஆண்டுகள் நோயின்றி இருந்த ஒருவர் இறந்தபின், அவருடைய இரு சிறுநீரகங்களும் இருவருக்குப் பொருத்தப்பட்டன. இருவருக்குமே அந்த மெலனோமா வந்தது. கொடையாளியின் உடம்பு 16 ஆண்டுகள் அடக்கிவைத்திருந்த செல்கள், மாத்திரையால் காவல் தளர்ந்த உடம்புகளில் விழித்துக்கொண்டன.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்திவிடாதீர்கள், சிறுநீரகம் போய்விடும். தோலில் ஆறாத புண்ணோ, கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத நெறியோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காட்டுங்கள். உச்சி வெயிலில் வண்டி ஓட்டும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் சட்டைக்கா பஞ்சம்!

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி: மாமனாருக்கு நுரையீரல் புற்றுநோய். கீமோவோடு 'இம்யூனோதெரபி' ஊசியும் போடுகிறார்கள். விலை லட்சக்கணக்கில் ஆகிறது. அது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் டானிக் போன்றதா? மூன்றாவது ஊசிக்குப் பிறகு நாளுக்கு ஏழெட்டு முறை வயிற்றுப்போக்கு. மோரும் மாதுளம்பழத் தோல் கஷாயமும் கொடுக்கிறோம்.

கடைசி வரிக்கு முதலில் பதில். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று கருதித் தனியாகவும் எழுதிவிட்டேன். உங்கள் நிலையிலிருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் சொல்கிறேன். இந்த ஊசி போடும்போது வரும் வயிற்றுப்போக்கு, கெட்டுப்போன உணவால் வந்ததென்று வைத்துக்கொள்ளக் கூடாதது. அன்றைக்கே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காரணம், மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

இது டானிக் இல்லை. மாட்டை ஓட்டுவதற்குச் சாட்டையால் அடிப்பது ஒரு வழி. இறுக்கிப் பிடித்திருக்கும் மூக்கணாங்கயிற்றைத் தளர்த்துவது இன்னொரு வழி. இந்த மருந்து கயிற்றைத் தளர்த்துகிறது. டி செல்லின் மேல் பிடி-1 என்றொரு ஏற்பி உண்டு. சண்டை நீளும்போது சொந்தத் திசு நாசமாகாமல் இருக்க, டி செல்லைப் பிடித்து நிறுத்த இயற்கை கட்டிய கயிறு அது. டி செல் கட்டியைத் தாக்கும்போது காமா இன்டர்ஃபெரான் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகிறது. அதை உணர்ந்த புற்றுச் செல், பிடி-எல்1 என்ற புரதத்தை மேற்பரப்பில் கொண்டுவந்து, அந்தக் கயிற்றையே பிடித்து இழுத்துவிடுகிறது. தாக்க வந்தவனின் மூச்சையே தன் கேடயமாக்கிக்கொள்கிறது என்றால் மிகையில்லை. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் இந்தப் பிடியை விடுவிக்கின்றன. பிடி-1ஐ 1992இல் கியோட்டோவில் கண்டுபிடித்தவர் தசுகு ஹோஞ்சோ. சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு கயிற்றைத் தளர்த்தினால் எலிகளில் கட்டி கரைகிறது என்று 1996இல் காட்டியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன். 2018இல் இருவருக்கும் சேர்த்து நோபல் கொடுத்தார்கள்.

கயிறு எதற்காகக் கட்டப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. பிறவியிலேயே சிடிஎல்ஏ-4 இல்லாத எலிகள், சொந்த உறுப்புகளைத் தாக்கும் டி செல்களால் சில வாரங்களிலேயே இறந்துவிடுகின்றன. மனிதர்களிலும் இந்த ஊசிக்குப்பின் குடல், தைராய்டு, கல்லீரல், நுரையீரல், தோல் ஆகியவற்றை அவிழ்ந்த டி செல்கள் தாக்கலாம். மாமனாரின் வயிற்றுப்போக்கு அப்படிக் குடல் அழற்சியால் வந்ததாக இருந்தால், அதற்கு மருந்து ஸ்டீராய்டு. சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கஷாயத்தில் கழிந்த நாட்கள்தான் ஆபத்தானவை. புதிதாக வரும் மூச்சுத்திணறல், வறட்டு இருமலையும் இப்படியே உடனே சொல்லுங்கள்.

எல்லாருக்கும் இது கேட்பதில்லை. டி செல்லே உள்ளே வராத கட்டியில் கயிற்றைத் தளர்த்திப் பயனில்லை. மாடே தொழுவத்தில் இல்லையே. அதனால்தான் பிடி-எல்1 அளவைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். செலவைப் பற்றி ஒரு செய்தி: தலை, கழுத்துப் பகுதிப் புற்று முற்றிய நோயாளிகளுக்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் என்ற வழக்கமான அளவுக்குப் பதிலாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை மலிவான வாய்வழி மருந்துகளோடு சேர்த்து டாட்டா நினைவு மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் உயிருடன் இருந்தவர்கள், வாய்வழி மருந்துகளை மட்டும் எடுத்தவர்களில் 16.3 விழுக்காடு, நிவோலுமாபும் சேர்த்து எடுத்தவர்களில் 43.4 விழுக்காடு. வாய்ப்புற்று மிகுந்த நம் நாட்டுக்கு இது பெரிய செய்தி. ஆனால் அது நுரையீரலுக்காகச் செய்த ஆய்வில்லை. ஊசியின் அளவைக் குறைக்கச் சொல்லி இந்தப் பக்கத்தை மருத்துவரிடம் நீட்டாதீர்கள், இப்படி வழியுண்டா என்று கேளுங்கள்.

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர்: மஞ்சளில் உள்ள குர்குமின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றுநோயை அழிக்கும் என்று வாட்ஸாப்பில் வருகிறது. மிளகு சேர்த்த குர்குமின் மாத்திரையைக் கீமோவோடு கொடுக்கலாமா?

வேண்டாம். ஆய்வுக்கூடத் தட்டில் செல்லின் மேல் நேரடியாக ஊற்றினால் குர்குமின் பலவற்றைச் செய்கிறது. வாயால் விழுங்கினால் இரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. மிளகைச் சேர்ப்பது அந்த உறிஞ்சலைக் கூட்டத்தான். அப்படிச் செறிவூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய பதிவுகளும் இருக்கின்றன. கீமோ நடக்கும்போது கல்லீரலைச் சோதனைக்கு உட்படுத்துவது புத்திசாலித்தனமில்லை. ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சளுக்கு ஒரு தடையும் இல்லை.

நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகி: எங்கள் அப்பிச்சிக்கு வயது 71. சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிசிஜி மருந்தை உள்ளே விடப்போகிறார்கள். அது குழந்தைக்குப் போடும் காசநோய்த் தடுப்பூசி அல்லவா? ஆள் மாறிவிட்டதா?

ஆள் மாறவில்லை. உங்கள் இடது தோளில் தழும்பாக இருக்கும் அதே பிசிஜிதான். சிறுநீர்ப்பைச் சுவரின் தசைக்குள் இறங்காத கட்டிகளுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று கனடாவில் மொரேல்ஸ் 1976இல் எழுதினார். இன்றும் பெரிய அளவில் மாறாமல் தொடர்கிறது. ஈரோட்டு அம்மாவுக்கு 'ஆபத்துக் குறிப்பு' என்று ஒன்றைச் சொன்னேன் அல்லவா? கட்டி கொடுக்காத அந்தக் குறிப்பை, வலுவிழந்த இந்த உயிருள்ள கிருமி கொடுக்கிறது. கிருமியைத் தாக்க வரும் வெள்ளணுக்கள், அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் புற்றுச் செல்களையும் கண்டுகொள்கின்றன. இந்த எண்ணம் பழையது. நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், தோலில் பரவும் கிருமித் தொற்று வந்தபின் ஒருவருடைய கழுத்துக் கட்டி கரைந்துபோனதை அறிந்து, 1891இல் வேண்டுமென்றே அந்தக் கிருமியை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். அவருக்கு ஏன் என்று தெரியாது. டி செல் என்ற பெயரே அப்போது இல்லை.

வாரம் ஒருமுறை, ஆறு வாரம் கொடுப்பது வழக்கம். குழாய் வழியாக உள்ளே விட்டபின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் அடக்கிவைக்கச் சொல்வார்கள். எரிச்சலும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாள் இருக்கலாம். காய்ச்சல் அதற்கு மேல் நீடித்தாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். மருந்து உயிருள்ளது என்பதால் முதல் ஆறு மணி நேரம் அப்பிச்சி உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும். ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் கரைசலை ஊற்றி, கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.